மரமில்லாத காடு

புதிதாக டொல்க் வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தில் ஒன்றை எழுதித் தாருங்கள் அக்கா என்று கேட்டார்கள். அக்கா என்று கேட்டதால் உடனே ஒத்துக்கொண்டேன். அன்ரி என்று கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

டொல்க் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரியிலும் பொலிசிலும் பள்ளிக்கூடத்திலும் இரண்டு பேருக்கு நடுவில் இருந்து, இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் மொழிமாற்றிச் சொல்லும் வேலை. உங்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். நோர்வேஜியன் உங்கள் நாக்கில் தானாக வருகிறது. நான் ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் தரை துடைத்தபடி, கடைக்காரர் கதைப்பதைக் காதில் வாங்கி வாங்கிப் படித்தவள். பிறகுதான் டொல்க் வகுப்புக்குப் போனேன். அதனால் தெரியாத சொல் வந்தால் எனக்குப் பயம் வராது. தெரியாத சொல்லோடுதான் என் சீவியமே போனது. எனக்குப் பயம் தெரிந்த சொல்லில்தான். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன், பிள்ளையாரப்பா துணை.

ஆளின் பெயரையோ மலையின் பெயரையோ கேட்காதீர்கள். வேலையில் சேரும்போது வாய் திறக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தோம். எனக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, அந்த வாக்குக்கு ஓய்வு கிடையாது. ஆளைத் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கைத்தொலைபேசி எல்லோரிடமும் வந்துவிட்டது, ஆனால் அது பேசுவதற்கு மட்டும்தான். ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றிச் சமையலும் முடித்துவிட்டேன். விரதச் சோறு சாப்பிட முதல் காகத்துக்கு வைக்க வேண்டும் அல்லவா? பல்கனியில் ஒரு பிடி சோறு வைத்துவிட்டுக் காத்திருந்தோம். இந்த ஊர்க் காகம் சாம்பல் சட்டை போட்டது, அது பரவாயில்லை, காகம் காகம்தான். ஆனால் நீள வால் வைத்த கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று இருக்கிறதே, அதுதான் எப்போதும் முந்திக்கொண்டு வரும். சனீஸ்வரன் வாகனத்துக்கு வைத்த சோற்றை அது தின்றால் எப்படி? அகப்பையோடு நின்று கலைத்துக்கொண்டிருந்தேன்.

"எட, அதுவும் ஒரு பறவைதானே. தின்னட்டும். எனக்குப் பசிக்குதப்பா" என்றார் வீட்டுக்காரர்.

"காகம் வரட்டும். அதுக்குப் பிறகுதான் உங்களுக்கு."

அந்த நேரம் தொலைபேசி அடித்தது. பொலிஸ் அவசர சேவை. உடனே தமிழ் டொல்க் வேண்டும், தொலைபேசி வழியாக.

"இண்டைக்குமோ?" என்றார் அவர்.

"நீங்கள் காகத்தைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுச் சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சாமி அறை என்றால் அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு, அதில் படங்கள், விளக்கு. தொலைபேசியில் மொழிபெயர்க்கும்போது தனியாக, சத்தமில்லாத இடத்தில் இருக்க வேண்டும். வீட்டில் அதற்கு வேறு இடம் இல்லை.

மறுமுனையில் ஒரு பெண். தேடுதலுக்குப் பொறுப்பாக இருந்தவர். குரல் அவசரப்படவில்லை, ஆனால் ஒரு சொல்லும் மிச்சமில்லாமல் பேசினார். தமிழ்நாட்டிலிருந்து மகனைப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர், மலைக் குடில் ஒன்றிலிருந்து காலையில் வெளியே போனவர், திரும்பவில்லை. மூடுபனி இறங்கியிருக்கிறது. கையில் மகனின் பழைய தொலைபேசி இருக்கிறது. மகன் பேசினால் அப்பாவும் மகனும் ஆளுக்கு ஆள் சத்தம் போடுகிறார்கள், காரியம் நடக்கவில்லை. அதனால்தான் டொல்க். தொலைபேசிக் கோபுரத்தை வைத்து எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிறது. அந்தப் பக்கத்தில் குடிலுக்குக் கீழே காடு, மேலே மொட்டை மலை. காட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மருமகளிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். ஆகவே ஒரு நாயை மட்டும் மேலே வைத்துக்கொண்டு, மற்ற நாயோடு எல்லோரும் கீழே காட்டுக்குள் தேடுகிறார்கள்.

மகனின் குரல் இடையில் வந்தது. "மேடம், அப்பாவுக்கு சுகர் இருக்கு. காலைல ஒரு காபிதான் குடிச்சார். ப்ளீஸ் மேடம்." சென்னைத் தமிழ். சின்ன வயதிலிருந்து விடுதியில் இருந்து படித்த பிள்ளை என்று பிறகு தெரிந்தது.

பெரியவரை இணைத்தார்கள். காற்று இரைகிற சத்தம்தான் முதலில் கேட்டது.

"ஏனுங்க, யாருங்க அது? தமிழ்ங்களா?"

"ஓம் ஐயா. நான் டொல்க். மொழிபெயர்ப்பாளர் கதைக்கிறன்."

"கதையா? கதையெல்லாம் அப்பறமா கேட்டுக்கலாமுங்க அம்மணி. நான் இங்க தடம் தெரியாம நின்னுக்கிட்டு இருக்கறேன்."

சிரிக்க நேரமில்லை. நம்முடைய 'கதைக்கிறது' அவருக்குக் கதை சொல்கிறதாகக் கேட்டிருக்கிறது. பேசுகிறேன் என்று மாற்றிக்கொண்டேன். அந்த நிமிடமே எனக்கு ஒரு மணி அடித்திருக்க வேண்டும்: இவருடைய தமிழும் என்னுடைய தமிழும் ஒன்றல்ல என்று. அடித்ததோ என்னவோ, நான் கவனிக்கவில்லை.

எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார் தேடுதல் தலைவி.

"காட்டுலதானுங்க. வேற எங்க? எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே காடு. அதுக்கு மேல பொகையாட்டம் வந்து மூடிக்கிச்சு."

காட்டில் நிற்கிறார், சுற்றிலும் காடு என்று நோர்வேஜியனில் சொன்னேன். காடு என்றால் ஸ்கூக். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மருமகள் சொன்னதும் அதேதான், மகன் சொன்னதும் அதேதான். மூன்று தமிழர் ஒன்றுபோலச் சொன்னால் அந்தப் பெண் எப்படிச் சந்தேகப்படுவார்?

"நல்லது" என்றார் அவர். "அவர் நடக்க வேண்டாம். அடர்த்தியான ஒரு மரத்தைப் பார்த்து, காற்றுப்படாத பக்கமாக அடிமரத்தில் முதுகை வைத்து இருக்கச் சொல்லுங்கள். நாய்கள் கண்டுபிடித்துவிடும்."

அப்படியே சொன்னேன்.

"மரமா?" என்றார் பெரியவர். "இந்தக் காட்டுல மரத்துக்கு நான் எங்கீங்க போவேன்?"

டொல்க் வேலையின் விதி உங்களுக்குத் தெரியும். சொன்னதைச் சொல்ல வேண்டும், அது எவ்வளவு விசராகத் தெரிந்தாலும். "இந்தக் காட்டில் மரத்துக்கு நான் எங்கே போவேன்" என்று அப்படியே நோர்வேஜியனில் சொன்னேன்.

அந்தப் பெண் தன் ஆட்களிடம் வேகமாகச் சொல்வது கேட்டது: "மனம் தடுமாறத் தொடங்கிவிட்டது. காட்டுக்குள் நின்றுகொண்டு மரம் இல்லை என்கிறார். குளிர் உள்ளே ஏறிவிட்டது. மேலே வைத்திருக்கிற இரண்டாவது நாயையும் கீழே காட்டுக்குக் கொண்டுவாருங்கள்."

அவர் செய்தது சரி. குளிர் உடம்பில் ஏறினால் மனிதர் பிதற்றுவார்கள், உடுப்பைக்கூடக் கழற்றி எறிவார்கள். அவர் படித்ததும் கண்டதும் அதுதான். பின்னால் மகன் "அப்பா, அப்பா" என்று அழுவது கேட்டது.

ஆனால் அந்தப் பெரியவரின் குரல் பிதற்றுகிற குரல் அல்ல. சந்தையில் விலை பேசுகிற ஆளின் குரல் அது. எரிச்சல் இருந்தது, தெளிவும் இருந்தது. அப்போதுதான் எனக்கு எங்கள் கோயில் அன்னதான வரிசை ஞாபகம் வந்தது. ஈரோட்டுப் பக்கத்து மருமகள் ஒருத்தி என் பக்கத்தில் நின்று, "எங்க மாமனார் இந்த வருசம் காட்டுல கடலை போட்டிருக்காருங்க" என்று சொன்னாள். காட்டுக்குள்ளே யாராவது கடலை போடுவார்களா, பன்றி கிண்டிப்போடுமே என்று நானும் எங்கள் ஆட்களும் அவள் போன பிறகு சிரித்தோம். அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இப்போது என்ன செய்வது? விதி இரண்டு பக்கமும் இழுக்கிறது. டொல்க் தன் கருத்தைச் சொல்லக்கூடாது. தானாகக் கேள்வி கேட்கக்கூடாது. நான் சொல்லி, அது பிழையாகப் போய், நாயை மேலே அனுப்பி, அவர் உண்மையில் கீழே மரத்துக்குள் கிடந்தால்? அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? சும்மா இருந்தால் ஒருவரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். சொன்னதைச் சொன்னேன், என் வேலை முடிந்தது.

வகுப்பில் எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியை ஒருத்தி, என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு, எப்போதும் கம்பளிச் சட்டையில் குத்திய ஊசியை எடுக்க மறந்து வருவாள். அவள் ஒருநாள் சொன்னாள்: "உங்களுக்குச் சந்தேகம் வந்தால் அதை விழுங்காதீர்கள். சந்தேகத்தையும் மொழிபெயருங்கள். அதுவும் அந்த அறையில் இருக்கிற பொருள்தான்."

விளக்கைப் பார்த்தேன். முருகா என்று ஒரு தடவை சொன்னேன். பிறகு நோர்வேஜியனில் சொன்னேன்: "டொல்க் தன் சார்பில் ஒன்று சொல்ல விரும்புகிறார். நான் காடு என்று மொழிபெயர்த்த சொல்லுக்கு இவருடைய ஊரில் வேறு பொருள் இருக்கலாம். எனக்கு நிச்சயமில்லை. அவரிடம் கேட்க அனுமதி வேண்டும்."

"கேளுங்கள்" என்றார். ஒரு சொல்தான்.

"ஐயா, நீங்கள் காடு காடு என்று சொல்றீங்கள். காடு என்று எதைச் சொல்றீங்கள்?"

"என்ன அம்மணி, காடு தெரியாதுங்களா உங்களுக்கு? சோளக்காடு, கம்பங்காடு கேட்டதில்லீங்களா? எங்களுக்கே நாலு ஏக்கரா காடு கெடக்குது ஊர்ல. மழை பேஞ்சா வெதைக்கறது, இல்லாட்டி வெறுங்காடு. இதும் அப்படித்தான் இருக்குது, வெறுங்காடு. ஒரு முள்ளுமரங்கூட இல்லீங்க."

"அப்ப மரமெல்லாம் அடைச்சு நிற்கிற இடத்துக்கு?"

"அது வனமுங்க."

காலையில் அவர் 'காட்டுக்குப் போய்ட்டு வர்றேன்' என்று மருமகளிடம் சொன்னதன் அர்த்தமும் அப்போதுதான் விளங்கியது. நம்முடைய ஆட்கள் 'வெளிக்குப் போறது' என்பார்களே, அதுதான். குடிலுக்குப் பின்னால் இருந்த மரப்பெட்டிக் கக்கூசின் மணம் பிடிக்கவில்லை என்று அவரே சொன்னார். வெட்டவெளியைத் தேடி மேலே ஏறியிருக்கிறார். பட்டணத்து மருமகளிடம் கூச்சத்தில் அவர் அதைவிட விளக்கமாகச் சொல்லவும் இல்லை, அவளுக்கு விளங்கவும் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன், கக்கூஸ் கதை உட்பட.

"ஸ்னௌஃபியெல்" என்றார் அந்தப் பெண். மொட்டை மலை. மூச்சை உள்ளே இழுத்தபடி சொன்னார். உடனே நாய்களை மேலே திருப்பும்படி ஆட்களுக்குச் சொல்வது கேட்டது. பிறகு என்னிடம்: "மேலே இடம் பெரியது. அவர் காலடியில் என்ன முளைத்திருக்கிறது என்று கேளுங்கள். எதையும் விடாமல்."

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தி, அன்று எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று நான் சாமி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேனே தவிர, அதுவரை மலைப்பக்கம் போனதே இல்லை. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கிற அதே ஊசியிலை மரம், நத்தார் மரம், கிறிஸ்மஸ் மரம் என்று நாம் சொல்வது, பள்ளத்தாக்கு முழுவதும் கறுப்பாக நிற்கிறது. ஏற ஏற அது மெலிகிறது. பிறகு வெள்ளைத் தோல் உரிகிற பேர்ச் மரம் மட்டும், அதுவும் நேராக வளராமல் வாதம் வந்தவர்கள்போல முறுக்கிக்கொண்டு. பிறகு அதுவும் இல்லை. தண்ணீர் ஓடுகிற பள்ளங்களில் இடுப்பளவு சாம்பல் பச்சைப் பற்றைச் செடி. அதற்கு மேலே முழங்காலுக்கும் எட்டாத குட்டை பேர்ச், இலை ஒரு சட்டைப் பொத்தான் அளவு. புரட்டாசியில் அது குங்குமம் கொட்டினதுபோலச் சிவக்கிறது. அதற்கும் மேலே, மேட்டு முதுகுகளில், பனிமான் தின்கிற வெள்ளைப் பாசி. பிறகு கல்லு. ஐந்து நிலம் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினேன், இந்த நிலம் அந்த ஐந்தில் ஒன்றிலும் இல்லை. ஆனால் ஒரே மலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இத்தனை நிலம் அடுக்கி வைத்திருக்கிறான் கடவுள். வீட்டுக்காரர் பஸ் யன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு, "மேலை போகப் போக மரத்துக்கும் என்னைப்போல மயிர் கொட்டுது" என்றார்.

அன்றைக்குத் தொலைபேசியில் இதெல்லாம் பெரியவரின் வாயால்தான் எனக்கு வந்தது.

"கீழயா? கீழ வெள்ளையா இருக்குதுங்க. பஞ்சைப் பிச்சுப் போட்டாப்பல. நான் வர்றப்ப அப்பளமாட்டம் நொறுங்குச்சு, இப்ப ஈரம் ஏறி மெத்தையாட்டம் ஆயிருச்சு."

"வேற?"

"கொஞ்சம் எறக்கத்துல செவப்பா இருக்குதுங்க. குட்டைச் செடி. பொகைக்குள்ள அதுமட்டுந்தான் கண்ணுக்குத் தெரியுது. அதுக்கும் அந்தாண்ட தண்ணி ஓடற சத்தம்."

சொன்னேன். அந்தப் பெண் காகித வரைபடத்தை விரிக்கிற சத்தம் கேட்டது. வெள்ளைப் பாசி, அதன் கீழே சிவப்பு, அதன் கீழே ஓடை. அப்படி இருக்கிற மேடு இந்தப் பக்கத்தில் இரண்டுதான் என்றார். ஆட்கள் ஏறி வர நேரம் எடுக்கும். பிறகு அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

"வெள்ளைப் பாசி முளைக்கிற இடம், மாரிக் குளிரில் பனிகூடத் தங்க முடியாமல் காற்று அடித்துக்கொண்டு போகிற இடம். அவர் மலையிலேயே காற்று மோசமாக அடிக்கிற இடத்தில் நிற்கிறார். சிவப்புச் செடி முளைக்கிற இடத்தில் பனி போர்வைபோல மூடி அதைக் காப்பாற்றும். அங்கே காற்றுக் குறைவு. அவர் அந்தச் சிவப்புக்கு இறங்க வேண்டும். ஆனால் இறங்கினால் தொலைபேசி வேலைசெய்யாமல் போகலாம். மேட்டில்தான் அலை கிடைக்கிறது."

இதுதான் பிள்ளைகளே, முடிவெடுக்க வேண்டிய இடம். மேலே நின்றால் பேசலாம், காற்று அவரைத் தின்றுவிடும். கீழே போனால் காற்றுக்குத் தப்பலாம், ஆனால் யாரோடும் பேச்சில்லை. முடிவு அந்தப் பெண்ணுடையது. அதைச் சொல்ல வேண்டிய வாய் மட்டும் என்னுடையது.

பெரியவருக்குச் சொன்னேன்.

"போன் அத்துப்போனா அப்பறம் நான் என்னங்க பண்ணுவேன்? இப்ப உங்க கொரலாவது கேக்குது."

அதைச் சொன்னேன்.

"அம்மணி" என்றார் அவர், கொஞ்சம் தாழ்ந்த குரலில். "அந்தப் புள்ள சொல்றது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க. நம்ம தமிழுங்க நீங்க. எறங்கலாமா?"

இப்படி ஒரு கேள்வி உங்களுக்கும் வரும். ஆஸ்பத்திரியில் வரும், நீதிமன்றத்தில் வரும். அக்கா நீங்கள் சொல்லுங்கோ என்று கையைப் பிடிப்பார்கள். இறங்குங்கோ ஐயா என்று சொல்ல என் நாக்குத் துடித்தது. ஆனால் எனக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? என் குரல் தமிழாக இருப்பதால் மட்டும் அவர் என்னை நம்புகிறார். அந்த நம்பிக்கையை எடுத்து நான் செலவழிக்கக் கூடாது, தெரிந்தவர் பக்கம் திருப்பிவிட வேண்டும்.

"ஐயா, நீங்கள் கேட்டதை அவவிட்டைச் சொல்றன்" என்றேன். நோர்வேஜியனில் சொன்னேன்: "இறங்கலாமா என்று டொல்க்கைக் கேட்கிறார். மலை தெரிந்தவர் பதில் சொல்ல வேண்டும் என்று டொல்க் நினைக்கிறார்."

அந்தப் பெண் சொன்னார்: "என் அப்பா இதே மலைகளில் ஆடு மேய்த்தவர். அங்கே அவர் நின்றிருந்தால் அவரையும் சிவப்புக்குத்தான் இறக்குவேன். இதை அப்படியே சொல்லுங்கள்."

அப்படியே சொன்னேன். ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"ஆடு மேச்சவரு புள்ளைங்களா?" என்றார் பெரியவர். "அப்பச் சரிங்க."

பிறகு தலைவி கேட்டார், வெள்ளை நிறத்தில் ஏதாவது வைத்திருக்கிறாரா?

"தோள்ல துண்டு இருக்குதுங்க. மகன் வேண்டாம்னுதான் சொன்னான், இங்கெல்லாம் யாரும் போடறதில்லை, எல்லாரும் பாக்கறாங்கன்னு."

அதை மொழிபெயர்க்கும்போது பின்னால் மகன் விம்முவது கேட்டது.

"வெள்ளைத் துண்டை வெள்ளைப் பாசியில் விரித்தால் யாருக்கும் தெரியாது. சிவப்புச் செடியின் மேலே விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்து, பக்கத்திலேயே குந்தி இருக்கட்டும். துண்டை விட்டு நகரக் கூடாது. மூடுபனி கொஞ்சம் விலகினால் போதும்."

சொல்லி முடித்தேன். "வரட்டுங்களா" என்றார். கால் சரசரக்கிற சத்தம், காற்று, பிறகு ஒன்றுமில்லை. இணைப்பு அறுந்தது. தலைவி எனக்கு நன்றி சொல்லிவிட்டு, தேவைப்பட்டால் திரும்ப எடுக்கிறோம் என்று வைத்துவிட்டார்.

எங்கள் வேலையில் இதைவிடக் கஷ்டம் வேறில்லை. கதவு சாத்தியபடியே இருக்கும். உள்ளே என்ன நடந்தது என்று நமக்கு யாரும் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்கக் கூடாது. எத்தனையோ பேரின் வருத்தத்தை நான் வாயால் சொல்லியிருக்கிறேன், அவர்கள் சுகமானார்களா என்று இன்றுவரை தெரியாது.

வெளியே வந்தேன். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆரின்ரை அலுவல்?"

"சொல்லேலாது."

"தெரியும், தெரியும். சாப்பிடுவமோ?"

"நீங்கள் சாப்பிடுங்கோ. எனக்கு இறங்காது."

அவர் சாப்பிடவில்லை. காகம் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு பல்கனிப் பக்கம் போய் இருந்தார். நான் திரும்பச் சாமி அறைக்குள் போய் விளக்குக்கு எண்ணெய் விட்டேன். சனீஸ்வரனிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு அந்தப் புகையை விலக்கிவிடப்பா என்றுதான் கேட்டேன்.

வெயில் சாயத் தொடங்கிய நேரம் தொலைபேசி திரும்ப அடித்தது. அதே பெண். காற்றுச் சத்தம் இல்லை, வாகனத்துக்குள் இருக்கிற சத்தம். மூடுபனி ஒரு நிமிடம் விலகியிருக்கிறது. எதிர் மேட்டில் வந்த நாய்க்காரர் சிவப்புக்கு நடுவில் ஒரு வெள்ளைச் சதுரத்தைக் கண்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. டொல்க் அழக்கூடாது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

இப்போது அம்புலன்ஸ்காரர் கேள்வி கேட்க வேண்டும், நான் மொழிபெயர்க்க வேண்டும்.

"அந்த அம்மணிங்களா?" என்றார் பெரியவர், குரலைக் கேட்டதும்.

"ஓம் ஐயா."

"ஓமுங்க" என்றார் அவரும், என்னைப்போல.

தலை சுற்றுகிறதா? இல்லீங்க. நெஞ்சு வலிக்கிறதா? இல்லீங்க. கால்? நல்லா இருக்குதுங்க. எல்லாவற்றுக்கும் ஒரு பிரச்சனையும் இல்லீங்க என்பதுதான் பதில். இவ்வளவு பேர் தன்னால் அலைந்துவிட்டார்கள், இனியும் தொல்லை கொடுக்கக் கூடாது என்று நினைக்கிற மனிதர். நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேரும் அப்படித்தான். அம்புலன்ஸ்காரர் நல்லது என்று பெட்டியை மூடப் போனார்.

அப்போது தேடுதல் தலைவி இடையில் வந்தார். பெரியவர் வாயில் திரும்பத் திரும்ப வந்த காடு என்ற சொல்லை அவர் மனதில் பிடித்து வைத்திருக்கிறார். பெரியவரோடு ஒரு வார்த்தை தமிழில் பேச ஆசை. ஆனால் நோர்வே நாக்குக்கு நம்முடைய 'டு' எங்கே வரும்?

"காது?" என்றார், சிரித்தபடி.

"காதுங்களா?" என்றார் பெரியவர் அவசரமாக. "காது நல்லாத்தானுங்க இருக்குது, நல்லாக் கேக்குது. வெரலுதான் ரெண்டு கையிலும் மரத்துப்போயி, தொட்டாத் தெரியல."

காது நன்றாக இருக்கிறது, கைவிரல்களில்தான் உணர்ச்சியில்லை என்கிறார் என்று சொன்னேன். அம்புலன்ஸ்காரர் மூடிய பெட்டியைத் திறந்து, மகன் கொடுத்த கையுறையை மெல்லக் கழற்றிப் பார்த்திருக்கிறார். நேரத்தோடு கண்டது நல்லது என்று அவர் சொல்வது கேட்டது. அப்பா, ஏம்ப்பா சொல்லல என்று மகன் கேட்பதும், கேட்டாங்க, சொல்லிட்டேனே என்று பெரியவர் சொல்வதும் கேட்டது.

டொல்க் தன் சார்பில் ஒன்று சொல்ல விரும்புகிறார் என்று அன்று இரண்டாம் தடவை சொன்னேன். நீங்கள் சொன்னது காடு அல்ல, காது என்று விளக்கினேன். அவர் வெடித்துச் சிரித்தார். அந்தப் புள்ள ஏனுங்க சிரிக்குது என்று பெரியவர் கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன், அதற்கான பதிலையும் மொழிபெயர்த்தேன். பிறகு பெரியவரும் சிரித்தார். தெரிந்த சொல்லில் பயமாக இருங்கள் என்று நான் சொல்வது இதற்குத்தான். ஒரே சொல் ஒரு மனிதரைத் தொலைக்கவும் பார்த்தது, அதையே பிழையாகச் சொன்னபோது இரண்டு கை விரலையும் காப்பாற்றியது. இதில் எது என் கெட்டித்தனம் என்று கேட்டால், ஒன்றுமில்லை. சந்தேகம் வந்தபோது வாயைத் திறந்தேன், கேள்வி எனக்கு வந்தபோது திருப்பிவிட்டேன், அவ்வளவுதான்.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். வீட்டுக்காரர் இரண்டு சாப்பாட்டுக் கோப்பை போட்டு, ஆறின சோற்றைச் சூடாக்கி வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பல்கனியில் பார்த்தேன், வைத்த சோறு ஒரு பருக்கை இல்லை. கம்பியில் ஒரு இறகு ஒட்டிக்கொண்டிருந்தது, பாதி கறுப்பு, பாதி வெள்ளை.

"என்னப்பா, சோறு போயிட்டுது?"

"காகம் வந்தது" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். "நல்ல பெரிய காகம். வா, சாப்பிடு."

அந்தச் சொல்லை மட்டும் நான் திருப்பிக் கேட்கவில்லை. இருவரும் சாப்பிட்டோம்.